பீரங்கிச் சத்தத்தை அளந்த கோல்டிங்ஹாம்

சென்னையில் ராஜாஜி மண்டபத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. உயரமான மேடை. அகலமான படிக்கட்டுகள். வரிசையாகத் தூண்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட இடம் அது.

அந்த மண்டபத்தைக் கட்டியவர் யார்?

அவர் பெயர் ஜான் கோல்டிங்ஹாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர். அவருடைய முக்கியமான வேலை கட்டிடம் கட்டுவது அல்ல. அவர் ஒரு வானசாஸ்திரி. இரவில் நட்சத்திரம் பார்ப்பார். பகலில் கணக்குப் போடுவார்.

மண்டபம் இன்றும் நிற்கிறது. அவர் செய்த இன்னொரு காரியம் கண்ணுக்குத் தெரியாதது. சத்தம் ஒரு விநாடியில் எவ்வளவு தூரம் ஓடுகிறது என்று அவர் சென்னையில் அளந்தார். பரங்கிமலையில் பீரங்கி வெடிக்கும். நுங்கம்பாக்கத்தில் கடிகாரத்தோடு காத்திருப்பார்கள். அந்தக் கணக்கு கடல் தாண்டிப் போய், லண்டன் விஞ்ஞான சபையின் ஏட்டில் அச்சாயிற்று.

ரேடியோ இல்லை. டெலிபோன் இல்லை. மின்சார விளக்குகூட இல்லை. ஐந்தரை மைலுக்கு அப்பால் பீரங்கி வெடித்த நொடியை எப்படிக் கண்டுபிடித்தார்? அதுதான் இந்தக் கதை.

தோட்டத்தில் ஒரு தொலைநோக்கி

சென்னையில் வில்லியம் பெட்ரி என்று ஒரு கம்பெனி அதிகாரி இருந்தார். வானத்தைப் பார்ப்பதில் அவருக்கு மோகம். 1786-ம் ஆண்டில், எழும்பூரில் தம் சொந்தச் செலவில் ஒரு வானாராய்ச்சிக் கூடம் அமைத்தார். அவருக்கு உதவியாளராக இருந்தவர்தான் இளைஞர் கோல்டிங்ஹாம்.

கம்பெனி அந்தக் கூடத்தைப் பிறகு ஏற்றுக்கொண்டது. மைக்கேல் டாப்பிங் என்ற நில அளவை நிபுணர் அதற்குப் பொறுப்பாளர் ஆனார். 1792-ம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டிடம் எழுந்தது. நடுவில் ஒரு பெரிய கருங்கல் தூண். அதன் மேல்தான் தொலைநோக்கி அமரும். தூண் அசைந்தால் நட்சத்திரமும் அசைந்ததுபோல் தெரியுமே! அதனால்தான் அவ்வளவு கனமான கல். அதில் லத்தீன் மொழியிலும், தமிழ், தெலுங்கு முதலிய நம் மொழிகளிலும் எழுத்துப் பொறித்தார்கள்.

கம்பெனிக்கு நட்சத்திரத்தின் மேல் என்ன அக்கறை? அக்கறை நட்சத்திரத்தின் மேல் அல்ல, கப்பலின் மேல்! நடுக்கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று அறியச் சரியான மணி வேண்டும். நாலு விநாடி பிசகினால், பூமத்திய ரேகைப் பக்கம் ஒரு கடல் மைல் பிசகிவிடும். பாறை இருக்கும் இடத்தில் ஒரு மைல் என்பது சாதாரணம் அல்ல. மாலுமிகளின் உயிர் அந்த நாலு விநாடியில் தொங்கியது.

நிலத்தின் மேலும் கம்பெனிக்குக் கண் இருந்தது. ஏரி, ஆறு, சாலை எல்லாவற்றையும் அளக்க வேண்டும். அளக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. ஆகவே 1794-ம் ஆண்டில் ஓர் அளவைப் பள்ளி தொடங்கினார்கள். மாணவர்கள் எட்டுப் பேர். பாடம் சொல்லிக் கொடுத்தவர் கோல்டிங்ஹாம். அந்தச் சின்னப் பள்ளிதான் வளர்ந்து, கிண்டி என்ஜினீயரிங் கல்லூரி ஆயிற்று.

1796-ம் ஆண்டில் டாப்பிங் காலமானார். வானாராய்ச்சிக் கூடத்தின் பொறுப்பு கோல்டிங்ஹாமின் கைக்கு வந்தது.

அரை விநாடி தாமதம், வேலை போயிற்று!

அதே 1796-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு சம்பவம். கிரீனிச் வானாராய்ச்சிக் கூடத்தின் தலைவர் மாஸ்கெலின். அவரிடம் கின்னபுரூக் என்ற உதவியாளர் இருந்தார். தொலைநோக்கியில் ஒரு மெல்லிய கம்பி நட்டிருக்கும். நட்சத்திரம் அந்தக் கம்பியைத் தாண்டும் நேரத்தைக் குறிக்க வேண்டும். கண் கம்பியில், காது கடிகாரத்தின் டிக் டிக் ஓசையில்.

உதவியாளர் குறித்த நேரம் தலைவர் குறித்த நேரத்தைவிடப் பிந்தியே வந்தது. முதலில் அரை விநாடி; பிறகு விநாடியில் பத்தில் எட்டுப் பங்கு. கவனக் குறைவு என்று முடிவு கட்டி, அவரை வேலையை விட்டு நீக்கிவிட்டார்கள்.

பாவம், அவர் மேல் குற்றமே இல்லை! கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மனம் சேர்த்துப் பார்க்கச் சிறிது நேரம் பிடிக்கிறது. அந்த நேரம் ஆளுக்கு ஆள் மாறும். பெஸ்ஸல் என்ற ஜெர்மானிய வானசாஸ்திரி இதை ஆராய்ந்து சொன்னபோது, கின்னபுரூக் வேலை இழந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

கோல்டிங்ஹாம் பொறுப்பேற்ற தொழில் இப்படிப்பட்டது. ஒரு விநாடிக்குள் ஒரு மனிதனின் பிழைப்பே அடங்கியிருந்த தொழில்.

சென்னைக்கு மணி சொன்னவர்

சென்னை பூமியில் சரியாக எங்கே இருக்கிறது? அதற்கு அவர் வியாழன் கிரகத்தைப் பிடித்துக்கொண்டார். வியாழனைச் சுற்றிப் பல சந்திரன்கள் ஓடுகின்றன. அவற்றில் ஒன்று வியாழனின் நிழலுக்குள் நுழைந்ததும் மறைந்துவிடும். அந்த மறைவு சென்னையிலும் தெரியும், கிரீனிச்சிலும் தெரியும். இரண்டு ஊருக்கும் ஒரே சைகை! அந்த நொடியில் இங்கே மணி என்ன, அங்கே மணி என்ன என்று பார்த்தால், வித்தியாசம் கிடைத்துவிடும்.

1802-ம் ஆண்டில் அவர் சொன்ன வித்தியாசம் 5 மணி, 21 நிமிஷம், 14 விநாடி. சென்னை நேரம் என்று வழங்கியதற்கு ஆரம்பம் அதுதான். பிற்காலத்தில் ரெயில்கள்கூடச் சென்னை நேரப்படி ஓடின. 1906-ம் ஆண்டில்தான் இந்தியா முழுவதற்கும் இன்றைய பொது நேரம் வந்தது.

இன்றைய வரைபடத்தை வைத்துப் பார்த்தால் அவர் கணக்கில் சுமார் 15 விநாடி அதிகம். தரையில் அது ஆறரை கிலோமீட்டர் அளவு. சந்திரன் பட்டென்று மறைவதில்லை. மெல்ல மங்கி மறைகிறது. மறைந்த நொடி எது என்பதில் இரண்டு பேர் ஒத்துப்போவது கடினம். சைகை மங்கலாக இருந்தால் கடிகாரம் எவ்வளவு உயர்ந்ததாக இருந்து என்ன பயன்?

அதே 1802-ம் ஆண்டு அக்டோபரில்தான் விருந்து மண்டபம் திறக்கப்பட்டது. அதுதான் இன்றைய ராஜாஜி மண்டபம். கவர்னர் எட்வர்ட் கிளைவ் காலத்தில், பிளாசி, ஸ்ரீரங்கப்பட்டணம் வெற்றிகளின் நினைவாகக் கிரேக்கக் கோயில் பாணியில் கட்டினார்கள். மகாபலிபுரத்துச் சிற்பங்களைப் பற்றியும் கோல்டிங்ஹாம் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். கணக்கு, கல், சிற்பம் எதையும் விடாத மனிதர்!

1805-ம் ஆண்டில் ஊருக்குப் போனார். சில ஆண்டுகள் வாரன் என்பவர் அவர் இடத்தில் இருந்தார். பிறகு திரும்பி வந்து, பழையபடி நுங்கம்பாக்கத்தில் அமர்ந்தார்.

பளிச்! பிறகு டமார்!

மழைக்காலத்தில் மின்னலை முதலில் பார்க்கிறோம். இடி பிறகுதான் கேட்கிறது. ஒளி கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடுகிறது. ஒலி நடந்து வருகிறது. எவ்வளவு வேகமாக நடக்கிறது?

மேதை நியூட்டன் இதைக் கணக்குப் போட்டார். விநாடிக்கு 979 அடி என்று வந்தது. ஆனால் டெர்ஹாம் என்ற பாதிரியார் இங்கிலாந்தில் பீரங்கி வெடிக்கச் செய்து அளந்தபோது 1,142 அடி என்று வந்தது. நியூட்டன் கணக்கே தப்பா? நூறு வருஷத்துக்கு மேல் விஞ்ஞானிகள் திகைத்தார்கள். 1816-ம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ் காரணம் சொன்னார். சத்தம் போகும்போது காற்று நெருக்கப்பட்டுச் சூடாகிறது. அந்தச் சூடு வெளியேற நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் வேகம் கூடுகிறது என்றார்.

கணக்கு வந்தாயிற்று. அதைச் சோதிக்கத் திருத்தமான அளவு வேண்டும். வெப்ப நாட்டில் அளந்தால் இன்னும் நல்லது. கோல்டிங்ஹாம் இருந்ததோ சென்னையில்!

ஒரு பெரிய வசதியும் அவருக்கு இருந்தது. ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் காலையும் மாலையும் பீரங்கி வெடிப்பது அந்தக் காலத்து வழக்கம். ஊர் மக்களுக்கு அது மணி சொல்லும் ஓசை. அவருக்கோ இலவசமாகக் கிடைத்த சோதனை! நுங்கம்பாக்கத்திலிருந்து பரங்கிமலைப் பீரங்கி 29,547 அடி தூரம். கோட்டைப் பீரங்கி 13,932 அடி தூரம்.

1820-ம் ஆண்டு ஜூலையில் வேலை தொடங்கியது. 1821 கடைசி வரை நடந்தது.

காத்திருப்பவரின் கண் தூரத்து இருட்டில் பதிந்திருக்கும். கையில் குரோனாமீட்டர் என்ற உயர்ந்த கடிகாரம். அது 40 விநாடியில் 100 முறை துடிக்கும். அதாவது ஒரு துடிப்புக்கு விநாடியில் பத்தில் நாலு பங்கு. பளிச் என்று ஒளி தெரிந்ததும் எண்ணத் தொடங்க வேண்டும். டமார் என்று காதில் விழுந்ததும் நிறுத்த வேண்டும். பரங்கிமலைச் சத்தம் வந்து சேர சுமார் 26 விநாடி பிடிக்கும். கோட்டைச் சத்தத்துக்கு 12 விநாடி.

ஒளிக்கும் நேரம் பிடிக்குமே என்று கேட்கலாம். பிடிக்கும்தான். பரங்கிமலையிலிருந்து நுங்கம்பாக்கம் வர, ஒரு விநாடியை முப்பத்து மூவாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு! அதைக் கணக்கில் சேர்க்கத் தேவையே இல்லை. ஆகவே ஒளிதான் தொடங்கு என்று சொல்லும் சைகை. அதைவிட வேகமான தூதன் உலகத்தில் கிடையாது.

ஆனால் எண்ணுபவர் ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டால்? பரங்கிமலைக் கணக்கில் விநாடிக்கு 17 அடி பிசகும். கோட்டைக் கணக்கில் 35 அடிக்கு மேல் பிசகும். தூரம் கூடக் கூட, ஒரு துடிப்பின் தவறு கரைந்துபோகிறது. பக்கத்தில் இருக்கும் பீரங்கி சுலபம்போல் தோன்றும்; உண்மையில் தூரத்துப் பீரங்கிதான் நம்பத்தக்கது.

ஒரு நாள் அளந்துவிட்டு அவர் சும்மா இருக்கவில்லை. நாளுக்கு நாள் அளவு. நூற்றுக்கணக்கான அளவுகள். ஒவ்வொன்றோடும் வெப்பம் எவ்வளவு, காற்றின் அழுத்தம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு, காற்று எந்தத் திசை என்று குறிப்பு. ஒரு நாள் கை முந்தும். ஒரு நாள் பிந்தும். நூறு நாள் சேர்த்துச் சராசரி பார்த்தால் முந்தியதும் பிந்தியதும் பெரும்பாலும் அடித்துக்கொண்டு போய்விடும். எல்லாம் போகாது. எப்போதுமே பிந்துகிற கை, ஆயிரம் நாளானாலும் பிந்திக்கொண்டேதான் இருக்கும்!

செம்பரம்பாக்கம் பக்கம் இன்று

பரங்கிமலைக்கு மேற்கே போனால் செம்பரம்பாக்கம் ஏரி. சென்னைக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் ஏரி. அதைத் தாண்டி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் என்று வரிசையாகத் தொழிற்சாலைகள். கார்களும் அவற்றின் பாகங்களும் அங்கே உருவாகின்றன.

கார் என்ஜினைச் சோதிப்பவர்களுக்குக் கோல்டிங்ஹாமுக்கு இருந்த அதே பிரச்சினைதான். என்ஜினுக்குள் வெடிக்கும்போது அழுத்தம் எவ்வளவு? சென்சார் என்ற உணர்கருவி அந்த அழுத்தத்தை மின்சாரமாக மாற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அது குழாய்த் தண்ணீர் மாதிரி இடைவிடாமல் வரும். கம்ப்யூட்டரோ அதைச் சொட்டுச் சொட்டாகத்தான் பிடிக்க முடியும்.

எந்த நொடியில் முதல் சொட்டைப் பிடிப்பது? எவ்வளவு இடைவெளியில் அடுத்த சொட்டு? இந்த இரண்டையும் யாராவது சொல்ல வேண்டும். முதல் சைகைக்கு டிரிக்கர் என்று பெயர். துப்பாக்கி விசைக்கும் அதே பெயர்தான். இரண்டாவதற்குக் கிளாக்; அதாவது கடிகாரத் துடிப்பு.

சுழலும் தண்டில் ஓர் அடையாளம் வைப்பார்கள். அது வந்து நின்றதும் டிரிக்கர். பிறகு தண்டு ஒரு டிகிரி சுழல ஒரு துடிப்பு. துடிப்புக்கு ஓர் அளவு. என்ஜின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், எந்த அளவு தண்டின் எந்த நிலைக்கு உரியது என்பது மாறாது. அடையாளம் ஒரு டிகிரி தள்ளிப் போய்விட்டால்? சென்சார் எவ்வளவு விலை உயர்ந்ததானாலும் வரும் கணக்கு பொய்க் கணக்கு. நல்ல என்ஜின் கெட்டதாகத் தெரியும். கெட்டது நல்லதாகத் தெரியும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. டிரிக்கர் வரும் முன்பே கருவி சும்மா அளந்துகொண்டே இருக்கும். பழையதை அழித்துக்கொண்டே வரும். டிரிக்கர் வந்ததும் அதற்கு முந்தைய கொஞ்ச நேரத்து அளவுகளையும் சேர்த்து எடுத்து வைத்துக்கொள்ளும். திடீர் என்று நடப்பதைத் தவறவிடாமல் பிடிக்க இந்த வழி. பழைய வானசாஸ்திரிகளும் இப்படித்தான். நட்சத்திரம் கம்பிக்கு வரும் முன்பே கடிகாரத் துடிப்பைக் காதில் பிடித்து எண்ணிக்கொண்டிருப்பார்கள். வந்த பிறகு எண்ணத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும்.

காற்று செய்த குறும்பு

கோல்டிங்ஹாமுக்குக் கிடைத்த விடை என்ன?

மாதத்துக்கு மாதம் மாறியது! டிசம்பர், ஜனவரியில் விநாடிக்கு சுமார் 1,100 அடி. ஜூலையில் 1,164 அடி. நியூட்டனின் 979 அடியை எந்த மாதமும் ஒப்புக்கொள்ளவில்லை. லாப்லாஸ் பக்கம்தான் சாட்சி சேர்ந்தது.

வெப்பம் ஒரு டிகிரி கூடினால் சத்தத்தின் வேகம் 1.2 அடி கூடுகிறது என்றார் அவர். இன்றைய கணக்கும் பாரன்ஹீட் டிகிரிக்கு ஏறக்குறைய அதுதான். இருநூறு வருஷத்துக்கு முன் காதால் கேட்டு எண்ணிய மனிதருக்கு இது பெரிய வெற்றி.

ஆனால் ஒரு சிக்கல். சென்னையில் டிசம்பருக்கும் ஜூலைக்கும் அவர் குறித்த சராசரி வெப்ப வித்தியாசம் ஏழு டிகிரிதான். அதற்கு எட்டு ஒன்பது அடிதான் மாற வேண்டும். மாறியதோ அறுபது அடிக்கு மேல்! அழுத்தம் மாறினால் வேகம் மாறுகிறது என்றும் அவர் எழுதினார். அழுத்தம் மட்டும் மாறுவதால் சத்தத்தின் வேகம் மாறாது என்பது இன்று தெரிந்த விஷயம்.

அப்படியானால் வேறு யாரோ உள்ளே புகுந்திருக்கிறார்கள். யார் அது? பருவக்காற்று!

பரங்கிமலை நுங்கம்பாக்கத்துக்குத் தென்மேற்கே இருக்கிறது. ஜூலையில் வீசுவது தென்மேற்குக் காற்று. பரங்கிமலைச் சத்தத்தை அது முதுகில் கை வைத்துத் தள்ளிவிடும். டிசம்பரில் வீசுவது வடகிழக்குக் காற்று. அது எதிரே நின்று தடுக்கும். காற்று சாதகமாக வீசும்போதும் எதிர்த்து வீசும்போதும் விநாடிக்கு 21 அடி வித்தியாசம் வருகிறது என்று அவரே கண்டு எழுதியிருக்கிறார். காற்றின் குறும்பு அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அதை முழுவதும் விலக்க அவரால் முடியவில்லை.

காரணம், அவர் ஒரு பக்கம் மட்டும் கேட்டார். பீரங்கி அங்கே, காது இங்கே.

1822-ம் ஆண்டில் பாரிஸ் பக்கத்தில் பிரெஞ்சு விஞ்ஞானிகள் இதே சோதனையைச் செய்தார்கள். வில்ஜுயிப், மோன்லெரி என்ற இரண்டு ஊர்களில் பீரங்கி வைத்தார்கள். இங்கிருந்து சுட்டால் அங்கே கேட்பார்கள். அங்கிருந்து சுட்டால் இங்கே கேட்பார்கள். ஒரு பக்கம் காற்று கூட்டிக் கொடுத்தால் மறுபக்கம் குறைத்துவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் காற்றின் கணக்கு கழிந்துபோகும். அவர்கள் அளந்தது இரண்டே இரவுகள். ஆனால் விடை உறுதியாக இருந்தது. கோல்டிங்ஹாம் ஒரு வருஷத்துக்கு மேல் பாடுபட்டார். நுங்கம்பாக்கத்திலிருந்து பதிலுக்கு வெடிக்க ஒரு பீரங்கி இல்லாமல் போயிற்று!

ஆனாலும் ஒன்று. பாரிஸ்காரர்கள் அளந்தது ஜூன் மாதத்தில் மட்டும். வருஷம் முழுவதும், வெயிலிலும் மழையிலும், வெப்பமும் ஈரமும் காற்றும் குறித்து வைத்த கணக்கு சென்னைக் கணக்குதான். பிற்கால விஞ்ஞான நூல்கள் அதை மறக்காமல் எடுத்துச் சொல்லின. அவர் எதையும் மறைக்காமல் எழுதி வைத்ததால்தான், அவர் கணக்கில் காற்று புகுந்த கதையை இன்று நாம் படிக்க முடிகிறது.

அவர் கட்டுரை 1823-ம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் வெளிவந்தது. இதற்கிடையில் ஊசல் ஒன்றை ஆட்டி, அது எத்தனை முறை ஆடுகிறது என்று கடிகாரத்தோடு ஒப்பிட்டு, சென்னையில் பூமியின் ஈர்ப்பு எவ்வளவு என்றும் அளந்தார். பூமத்திய ரேகை அருகே சுமத்திரா பக்கத்துத் தீவு ஒன்றுக்கும் ஆட்களை அனுப்பி அதே ஊசலை ஆட்டச் செய்தார்.

1830-ம் ஆண்டில் வேலையை விட்டு விலகினார். டெய்லர் என்பவர் அடுத்த வானசாஸ்திரியாக வந்தார். 1849-ம் ஆண்டில் கோல்டிங்ஹாம் இங்கிலாந்தில் காலமானார்.

நுங்கம்பாக்கத்தில் நட்சத்திரம் பார்ப்பது நின்று வெகு காலம் ஆகிவிட்டது. 1899-ம் ஆண்டில் வானாராய்ச்சி கோடைக்கானல் மலைக்கு மாறியது. அந்த இடத்தில் இப்போது இருப்பது வானிலை ஆராய்ச்சி நிலையம். புயல் வரும்போது ரேடியோவிலும் டெலிவிஷனிலும் நுங்கம்பாக்கம் என்று பெயர் அடிபடுகிறதே, அதே நுங்கம்பாக்கம்தான். தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்தோடு, அந்த வளாகத்தில் நிற்கிறது.